தமிழினி சர்வர் வைத்த கதை

நான் ஒருத்தரைப் பாராட்டி எழுதுகிறேன் என்றால் எங்கள் ஆபீஸில் யாரும் நம்ப மாட்டார்கள். என் வாய் அப்படி. ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பேப்பர்கள் போடுவது என் வேலை. பேர் மெர்சி. காலையில் வந்ததும் பிரிண்டரைத் திட்டுவேன், மத்தியானம் கேன்டீன் சாம்பாரைத் திட்டுவேன், நடுவில் யார் மாட்டினாலும் அவர்களைத் திட்டுவேன். அப்படிப்பட்ட நானே தமிழினியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது என்று உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சர்வர் கதையைச் சொன்னாலே அவள் யார் என்று தெரிந்துவிடும்.

தமிழினிக்கு என் எதிர் சீட். முப்பதைத் தாண்டியவள். பிறந்தது நாட்றம்பள்ளிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது ஜோலார்பேட்டை. அப்பா சுந்தரமூர்த்தி ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் பூவரசன் ஸ்டேஷன் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வாணியம்பாடியில் பி.சி.ஏ. படித்துவிட்டு, கையில் குழந்தையோடு வேலை கேட்டு வந்தவள். இப்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது, இவள் காலை பாசஞ்சரில் ஆம்பூர் வருகிறாள். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'சிஸ்டம் அட்மின்' என்று இருக்கும். நிஜத்தில் பிரிண்டர், கேமரா, கைரேகை வைக்கும் மிஷின், முதலாளி வீட்டு வைஃபை வரைக்கும் எல்லாம் இவள் தலையில்தான்.

யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் அவள் கேட்பது ஒரே கேள்வி. "கடைசியா இன்னா பண்ணீங்க?" நாங்கள் எல்லோரும் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "ஒண்ணுமே பண்ணலயே." அவள் கோபப்பட மாட்டாள். "சரிக்கா, ஒண்ணும் பண்ணாததயே திரும்ப ஒருவாட்டி பண்ணிக் காட்டுங்க" என்பாள். பண்ணிக் காட்டுவோம். குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கும் சிரிக்காமல் சரி செய்து கொடுத்துவிட்டுப் போவாள். நானாக இருந்தால் அந்தக் கதையை வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

அப்போதெல்லாம் எங்களுக்குச் சர்வர் கிடையாது. மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒரு பெட்டியில் வயரால் கோத்து, ஒவ்வொரு மிஷினிலும் ஒரு ஃபோல்டரை மற்றவர்களுக்குத் திறந்து விட்டிருந்தோம். எது வேண்டுமோ அதை அடுத்தவர் மிஷினுக்குள் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒண்டுக்குடித்தனத்தில் அடுத்த வீட்டு அரிவாள்மணையை இரவல் வாங்குவது மாதிரிதான். அந்த வீடு பூட்டியிருந்தால் அன்றைக்குக் காய் நறுக்க முடியாது. ஃபோல்டர்களுக்குப் பேரும் ஆட்கள் பேர்தான். இன்வாய்ஸ் வேண்டுமென்றால் 'ஜோசுவா'வுக்குள் போக வேண்டும். ஜோசுவா துபாய்க்குப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவன் சீட்டில் அம்பிகா உட்கார்ந்திருக்கிறாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்தில், "ஜோசுவா சார் எப்ப வருவாரு?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

இதில் எல்லோருக்கும் வேண்டிய ஃபோல்டர் ரஃபி அகமதுவுடையது. ரஃபி பாய் எங்கள் பிளானிங் ஆள். ஒரு ஜோடி ஷூவுக்கு மேல்தோல் எவ்வளவு, உள்ளே லைனிங் எவ்வளவு, எந்த சைஸுக்கு எவ்வளவு என்கிற கன்சம்ப்ஷன் ஷீட் எல்லாம் அவர் மிஷினில் இருந்தன. தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் கத்தி இறங்க வேண்டுமென்றால் அந்த ஷீட் திறக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் அது திறக்காது. அன்றைக்கு ஜும்ஆ தொழுகைக்காக எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் நீளம். ரஃபி பாய் தொப்பியை எடுப்பார், மிஷினை அணைப்பார், கிளம்பிவிடுவார். அணைக்காமல் போங்களேன் பாய் என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறோம். "அது ஓடிட்டிருந்தா என் மனசும் இங்கயே ஓடிட்டிருக்கும்மா. அப்புறம் தொழுகை எப்பிடி?" என்பார். அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?

அதனால் எங்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலையிலேயே அவரவருக்கு வேண்டிய ஷீட்டைத் தன் மிஷினில் ஒரு காப்பி போட்டு வைத்துக்கொள்வோம். அதற்கு 'ஃப்ரைடே காப்பி' என்றே பேர். சாயங்காலம் யாரும் அதை அழிப்பதில்லை. ஒரே ஷூவுக்கு ஆளுக்கு ஒரு ஷீட் என்று மாடி முழுக்கக் கிடந்தது. போன வருஷம் அது வேலையைக் காட்டிவிட்டது. பள்ளிக்கூட ஷூ ஒன்றுக்கு லைனிங் அளவை மாற்றச் சொல்லி, எங்களிடம் ஷூ வாங்கும் பையர் எழுதியிருந்தார். ரஃபி பாய் உடனே மாற்றிவிட்டார். ஆனால் யாரோ ஒருவருடைய பழைய ஃப்ரைடே காப்பி கட்டிங்குக்குப் போய்விட்டது. வெட்டிய லைனிங் அத்தனையும் குப்பை. ஷீட்டின் அடியில் 'தயாரித்தவர்: ரஃபி அகமது' என்று இருந்ததால் திட்டு அவருக்கு விழுந்தது. அன்றிலிருந்து ஃபோல்டரைப் பற்றிப் பேசினாலே முகம் இறுகிவிடும்.

முதலாளியின் மகள் சஹர் மேடம் வெளியூரில் படித்துவிட்டு வந்து நிர்வாகத்தில் உட்கார்ந்தது அதற்குப் பிறகு. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஒரு மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஒரு ஆளோட மிஷின் ஆஃப் ஆனா ஃபேக்டரி நிக்குது. இனிமே அப்பிடி இருக்கக் கூடாது. எல்லா ஃபைலும் ஒரே சர்வர்ல வந்துடணும். எந்த ஒரு ஆளையும் நம்பி நாம இருக்கத் தேவையில்ல." பிறகு தமிழினி பக்கம் திரும்பினார். "பையர் டீம் மாசக் கடைசில வர்றாங்க. அதுக்குள்ள முடியுமா? இல்லன்னா சென்னைல ஒரு கம்பெனி இருக்குது, சிஸ்டம் வேல மொத்தத்தையும் அவங்களே பாத்துப்பாங்க." தமிழினி முடியும் என்று சொன்னாள். நான் ரஃபி பாயைப் பார்த்தேன். அவர் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

சர்வர் வந்து இறங்கியது. ஏ.சி. ரூமில் ஒரு மூலையில் அதை வைத்துப் பூட்டினாள். ஒன்று கெட்டால் இன்னொன்றில் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் இரண்டு டிஸ்கில் எழுதுமாம். மிஷின் வேலை அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் மறுநாள் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார ஆரம்பித்தாள். என்னிடமும் வந்தாள். ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு கேள்வி. "இத யாரெல்லாம் பாக்கணும்க்கா? யாரு மாத்தணும்?"

"எவளோ ஒருத்தி பாத்துட்டுப் போறா, ஏன்டி உயிர எடுக்குற?" என்றேன்.

"எவள்னு தெரியணும்க்கா" என்றாள், அசையாமல்.

ஆள் பேரில் இருந்த ஃபோல்டர்கள் வேலைப் பேருக்கு மாறின. இன்வாய்ஸ், கொள்முதல், சாம்பிள் என்று. ஜோசுவா ஃபோல்டரை எடுத்த அன்று அம்பிகா எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள், ஒருவழியாக அந்த ஆளிடமிருந்து விடுதலை என்று. ஒவ்வொருவராக ஒப்படைத்துக்கொண்டே வந்தோம். ரஃபி பாய் மட்டும் கொடுக்கவில்லை. இன்றைக்கு டெஸ்பாட்ச் என்பார், நாளைக்குத் தலைவலி என்பார். இன்ஷா அல்லா, அடுத்த வாரம் என்பார். தமிழினியும் தினமும் டீ வேளையில் போய் நிற்பாள், சரிங்க பாய் என்று திரும்புவாள்.

ஒரு நாள் அவர் சொல்லியே விட்டார். அடுத்த மேஜை என்பதால் எனக்கும் காதில் விழுந்தது.

"உன் மேல கோவம் இல்லம்மா. மேடம் சொன்னத நீயும்தான் கேட்ட. எந்த ஆளும் தேவையில்லயாம். ஃபோல்டரக் குடுத்துட்டா அப்புறம் நான் இங்க எதுக்கு? ரிடையர் ஆவறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு எங்க மொஹல்லாத் தெருல பேச்சு வரக் கூடாது. அவ்ளோதான் எனக்கு."

தமிழினி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க பாய் என்று பொய்க்காவது சொல்லியிருக்கலாம். டீ டம்ளரோடு தன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். எனக்கு அவள் மேல் எரிச்சல்தான் வந்தது.

மாசக் கடைசி நெருங்கியது. வியாழக்கிழமை சஹர் மேடம் அவள் சீட்டுக்கே வந்தார். "இன்னும் ரஃபி சாப் ஃபோல்டர் வரலயா? நாளைக்கு அவரு ஜும்ஆவுக்குப் போவாரு இல்ல, அந்த நேரத்துல எடுத்துடு. பாஸ்வேர்டு உன்கிட்டயே இருக்குதே."

"பாக்கறேன் மேடம்" என்றாள்.

எங்கள் ஆபீஸில் ஒரு சேதி ஒரு மேஜையோடு நிற்காது. சாயங்காலத்துக்குள் ரஃபி பாய்க்கும் தெரிந்துவிட்டது என்பது மறுநாள்தான் எங்களுக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை அவர் எழுந்தார். தொப்பியை எடுத்தார். அணைக்கும் பட்டன் வரைக்கும் கை போனது. அப்புறம் கையை இழுத்துக்கொண்டார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தமிழினியை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்த மிஷினை அணைக்காமல் தொழுகைக்குப் போனார்.

நான் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கவில்லை. "போடி, போய் எடுடி. அவரே விட்டுட்டுப் போய்ட்டாரு பாரு" என்றேன்.

தமிழினி தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். "எடுத்துக்கன்னு விட்டுட்டுப் போவலக்கா. எடுக்கறதப் பாக்க வேணாம்னு போய்ட்டாரு."

"உன் வேல போயிடும்டி."

"தெரியும்க்கா. பயமாத்தான் இருக்குது. இவரு கடைல இப்ப ஓட்டமே கம்மி." சொன்னாளே தவிர எழுந்து போகவில்லை. நடுவில் மேடத்திடமிருந்து போன் வந்தது. "இன்னும் எடுக்கல மேடம். பாய் வந்ததும் அவரு முன்னாடியே எடுக்கறேன்" என்றாள். திங்கட்கிழமை எனக்கு ஃபைல் இருக்கணும், இல்லன்னா நான் சென்னைக்குப் பேசிடுவேன் என்று மேடம் சொன்னது எனக்கே கேட்டது. தமிழினி சாதத்தை மூடி வைத்துவிட்டாள். அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்கு அழுகையும் வந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

ரஃபி பாய் திரும்பி வந்து நேராக மிஷினைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எடுத்துட்டியாம்மா?"

"இல்ல பாய். நீங்க இருக்கச்சொல்லோ எடுக்கலாம்னு."

அவர் சீட்டில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடித்தார், பைக்குள் வைத்தார், திரும்ப எடுத்து வேறு மாதிரி மடித்தார். கடைசியில், "நாற்காலி இழுத்துப் போட்டுக்கம்மா" என்றார்.

அன்று சாயங்காலமும் சனிக்கிழமை முழுக்கவும் இரண்டு பேரும் அந்த மிஷின் முன்னால்தான். மாடியில் கிடந்த ஃப்ரைடே காப்பி எல்லாவற்றையும் அவள் கொண்டுவந்து காட்டினாள். எது சரி, எது பழசு என்று அவர் சொன்னார். பழசை அவர் கையாலேயே அழிக்கச் சொன்னாள். நடுநடுவே சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. எல்லாம் முடிந்ததும் எங்களிடம் கேட்ட அதே இரண்டு கேள்வியை அவரிடமும் கேட்டாள். யாரெல்லாம் பாக்கணும்? "எல்லாரும்தாம்மா" என்றார். யாரு மாத்தணும்? "அத நான் சொல்லக் கூடாதும்மா" என்று எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை சர்வர் ஓட ஆரம்பித்தது. அன்றைக்கு மாடி மீன் மார்க்கெட் மாதிரி இருந்தது. ஆளுக்கு ஒரு பேர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. பாதிப் பேர் மறந்துவிட்டோம், மீதிப் பேர் அதை மானிட்டரிலேயே எழுதி ஒட்டினோம். அவள் வந்து ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டாள். என் பிரிண்டர் மத்தியானம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஆனால் ஷீட் திறந்தது. எல்லோருக்கும் திறந்தது. "என் மிஷின் இப்ப ஜோரா ஓடுதும்மா" என்றார் ரஃபி பாய். இத்தனை நாளும் நாங்கள் எல்லோரும் அதற்குள் ஏறி மிதித்துக்கொண்டிருந்தோமே, ஓடுமா?

அந்த வாரமே பையர் டீம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரஃபி பாய் பழையபடி மிஷினை அணைத்துவிட்டுப் போனார். கட்டிங் நிற்கவில்லை. யாரும் ஃப்ரைடே காப்பி போடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் மாடி அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

கேபினில் பையரோடு இருந்த சஹர் மேடம் திடீரென்று வெளியே வந்தார். "தமிழினி, டங்க் லெதர்ல ஒரே ஒரு அளவு மாறுது. ஷீட்ல மாத்திடு, கட்டிங்ல வெய்ட் பண்றாங்க." டங்க் என்பது ஷூவில் லேஸுக்கு அடியில் வரும் நாக்கு.

"ஷீட் திறக்கும் மேடம். என்னால மாத்த முடியாது."

"உன்னாலயா? நீதானே அட்மின்?"

"அந்த உரிமைய எனக்கு வெச்சுக்கல மேடம். பாய் பேர்ல மட்டும்தான் போட்டிருக்கறேன்."

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. இதுக்குத்தானா இத்தனை கூத்து என்று எனக்கும் கோபம். மறுபடியும் அதே ஆளுக்காக நிற்பதற்கா சர்வர்? "யாரக் கேட்டு அப்பிடிப் பண்ணின?" என்றார் மேடம்.

தமிழினி எழுந்து நின்றாள். கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. "கேக்காமதான் பண்ணேன் மேடம், தப்புதான். ஆனா போன வருஷம் பழைய காப்பியால லைனிங் வீணான மாதிரி மறுபடி ஆவக் கூடாது இல்ல? ஷீட்டுக்கு அடில அவரு பேரு இருக்குது. திட்டு விழுந்தா அவருக்குத்தான் விழுது. அப்ப மாத்தறதும் அவராத்தான இருக்கணும்? பாக்கறதுக்கு யாருக்கும் அவரு தேவையில்ல மேடம், வேல நிக்காது. மாத்தறதுக்கு அவரு வேணும்."

மேடம் அவள் திரையில் அந்த ஷீட்டின் அடியில் இருந்த பேரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்கு அப்போதுதான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரஃபி பாய் நிற்பது தெரிந்தது. தொழுகை முடிந்து வந்திருக்கிறார். மற்ற வெள்ளிக்கிழமைகளில் போனை ஆன் பண்ணியதும் மிஸ்டு கால்களாக வந்து கொட்டும். எங்கே பாய், ஷீட் திறக்கல பாய் என்று. அதைத் திட்டிக்கொண்டேதான் படியேறுவார். அன்றைக்குப் போன் சும்மா இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார், கையில் தட்டிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. யாரும் தன்னைத் தேடவில்லை என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். மாடி மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது.

"ரஃபி சாப்" என்றார் சஹர் மேடம். குரலில் கோபம் இல்லை. "டங்க்ல ஒரு சேஞ்ச். உங்களுக்காகத்தான் நிக்கறோம்."

அவருக்கு முதலில் புரியவில்லை. "சர்வர்லதான் இருக்குதே மேடம்?"

"இருக்குது பாய்" என்றாள் தமிழினி. "எல்லாரும் பாக்கலாம். மாத்த உங்களால மட்டும்தான் முடியும். என்னால கூட முடியாது."

ரஃபி பாய் சீட்டுக்குப் போய் மிஷினை ஆன் பண்ணினார். பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை சரியாக அடித்தார். அளவை மாற்றினார். கீழே கட்டிங்கிலிருந்து, வந்துடுச்சு என்று போன் வந்தது. மேடம் கேபினுக்குத் திரும்பினார். சென்னைக் கம்பெனி என்ற பேச்சை அதற்குப் பிறகு நாங்கள் கேட்கவில்லை.

"உண்மையிலேயே உன்னால மாத்த முடியாதாடி?" என்று நான் பிறகு ரகசியமாகக் கேட்டேன். அட்மின் நினைத்தால் அந்த உரிமையைத் தனக்கே எழுதிக்கொள்ள ரெண்டு நிமிஷம் போதுமாம். "மேடம் அத எழுதிக்கன்னு சொல்லியிருந்தா எழுதியிருப்பேன்க்கா. அவங்க சொல்லல" என்றாள். உரிமை கையில் இல்லாத வரைக்கும் அவள் சொன்னது பொய்யும் இல்லை, வழியையும் அவள் காட்டவில்லை. இவளையா இத்தனை நாளும் வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று என்னை நானே நொந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் அவள் ரயிலுக்குக் கிளம்பும்போது ரஃபி பாய் கூப்பிட்டார், உருதுவில் மகளைக் கூப்பிடுவது மாதிரி.

"பேட்டி, நான் ரிடையர் ஆவறப்ப அந்த உரிமைய யாருக்கு மாத்தணும்னு நானே சொல்றேன். அம்பிகாவுக்கு இப்பலேர்ந்தே கத்துக்குடுக்கலாம்னு பாக்கறேன். சரிதானா?"

வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து ஃபோல்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த மனுஷன் இவர்தான். நான் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டு அதைத் திட்ட ஆரம்பித்தேன், அது அப்போது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி பாய். நீங்க சொல்ற அன்னிக்கு மாத்தறேன்" என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு தமிழினி ஸ்டேஷனுக்கு ஓடினாள்.